விளையாட்டுக் களத்தில் வீரமங்கை

பண்டைத் தமிழகத்தை ஆண்ட வேந்தர் மூவரும் தத்தமக்கென ஒரு சின்னத்தைக் கொண்டிருந்தனர். சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் சின்னங்களாக விளங்கின. அவை அவர்தம் கொடிகளில் பறந்தன, காசுகளில் பொறிக்கப்பெற்றன, முத்திரைகளில் பதிந்தன. எழுத்தறியாத மக்களும் அவற்றைக் கண்ட அளவில் 'இஃது இன்ன நாட்டிற்கு உரியது' என்று அறிந்துகொண்டனர். இராமேசுவரத்திற்கு எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தம் காசுகளில் காளையின் உருவத்தையும் 'சேது' என்னும் சொல்லையும் பொறித்தனர். சேது என்பது இராமேசுவரக் கடற்பகுதிக்கு வழங்கும் பெயர். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு காசு, அதனை வெளியிட்டவர் எதனைத் தமக்குப் பெருமையாகக் கருதினர் என்பதை இன்றும் நமக்கு அறிவிக்கின்றது. ஒரு நாட்டார் தம் நெஞ்சில் போற்றும் ஒன்றைப் பிறர் கண்முன் நிறுத்துவதே சின்னத்தின் பயன் ஆகும்.

அரசர்களின் சின்னங்கள் பெரும்பாலும் ஆற்றலைப் புலப்படுத்திப் பகைவரை அஞ்சச் செய்தன. இக்காலத்திலோ, நாடுகள் பல ஒருங்கு கூடிப் பகைமையின்றித் தம் வலிமையைக் காட்டும் இடங்களாக விளையாட்டுக் களங்கள் விளங்குகின்றன. அக்களங்களுக்கும் சின்னங்கள் உண்டு. அவை இரு வகைப்படும். ஒன்று, கோடுகளாலும் வண்ணங்களாலும் அமையும் இலச்சினை. ஒன்றோடொன்று கோத்த ஐந்து வளையங்களாகிய ஒலிம்பிக் இலச்சினையை நாம் அனைவரும் அறிவோம். மற்றொன்று, உயிருள்ளதுபோல் நகைத்தும் ஓடியும் ஆடியும் நம்மைக் களத்திற்கு அழைக்கும் உருவச் சின்னம். இதனையே மேனாட்டார் 'மாஸ்காட்' என்று வழங்குகின்றனர். விலங்காகவோ, பறவையாகவோ, மனித உருவாகவோ அஃது அமையும். அரசர் சின்னம் அஞ்சச் செய்தது. விளையாட்டுச் சின்னமோ 'வருக' என்று கை நீட்டி வரவேற்கின்றது.

'மாஸ்காட்' என்னும் சொல்லின் வரலாறு அறியத்தக்கது. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் மந்திரப் பொருளையும் நற்பேறு தரும் பொருளையும் குறித்த சொல்லிலிருந்து இது பிறந்தது. 1880-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் எட்மண்ட் ஓத்ரான் என்பவர் இசையமைத்த இசை நாடகம் ஒன்று அரங்கேறியது. தான் இருக்கும் இடத்திற்கெல்லாம் நற்பேற்றைக் கொணரும் ஒரு பெண்ணைப் பற்றியது அந்நாடகம். அதன் புகழால் இச்சொல் உலகெங்கும் பரவியது. ஆகவே, 'நற்பேற்றைக் கொணர்வது' என்பதே இச்சொல்லின் முதற்பொருள். இப்பொருளை மாணவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் நாம் காணப்போகும் சின்னம் ஒன்று இப்பொருளையே மாற்றி எண்ணச் செய்யும்.

ஒலிம்பிக் விளையாட்டுகளில் முறையாக ஏற்கப்பெற்ற முதல் உருவச் சின்னம், 1972-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் நடந்த போட்டிகளுக்கு உரியது. 'வால்டி' என்னும் பெயருடைய அச்சின்னம் ஒரு நாயின் உருவம். குறுகிய கால்களும் நீண்ட உடலும் கொண்ட ஜெர்மானிய நாயினம் ஒன்று, வேட்டையில் எடுத்த காரியத்தை விடாது முடிப்பதற்குப் பெயர் பெற்றது. உறுதியும் விடாமுயற்சியும் விரைவும் விளையாட்டு வீரர்க்கு வேண்டும் என்பதனால் அந்நாய் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் உடலில் பல வண்ணங்கள் தீட்டப்பெற்றன. ஆயினும் சிவப்பும் கறுப்பும் சேர்க்கப்படவில்லை. அவ்விரண்டும் இட்லரின் ஆட்சிக் காலத்தை நினைவூட்டும் வண்ணங்கள் என்பதே அதற்குக் காரணம். 1936-இல் அவன் ஆட்சியின்கீழ்ப் பெர்லினில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்ததை உலகம் மறக்கவில்லை. புதிய ஜெர்மனி தன் பழைய நாளினின்று விலகி நிற்க விரும்பியதை, ஒரு பொம்மை நாயின் வண்ணம் உலகிற்கு எடுத்துரைத்தது.

1980-ஆம் ஆண்டு மாசுகோ நகரில் நடந்த ஒலிம்பிக்கின் சின்னம் 'மீசா' என்னும் கரடிக்குட்டி. உருசிய நாட்டுக் கதைகளில் கரடிக்குத் தனி இடம் உண்டு. பிற நாட்டார் உருசியாவை அச்சந்தரும் கரடியாகச் சித்திரித்து வந்தனர். அக்கரடியையே நகைமுகமுடைய குட்டியாக்கி, வந்தோரை வரவேற்க நிறுத்தினர் அந்நாட்டார். நிறைவு விழாவின்போது அதன் பேருருவம் பலூன்களால் உயர்த்தப்பட்டு வானில் மிதந்து சென்ற காட்சியைக் கண்டு கூடியிருந்தோர் கண்கலங்கினர். அரசியல் காரணங்களால் பல நாடுகள் அப்போட்டிகளுக்கு வரவில்லை. இந்தியா சென்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாசுகரன் தலைமையில் ஆடிய நம் ஹாக்கி அணி அங்குத் தங்கப் பதக்கம் பெற்றது.

1988-ஆம் ஆண்டு தென்கொரிய நாட்டின் சியோல் நகர் 'ஹோதோரி' என்னும் புலிக்குட்டியைத் தன் சின்னமாகக் கொண்டது. கொரிய மக்களின் பழங்கதைகளிலும் ஓவியங்களிலும் புலி மிகுதியாக இடம்பெறுகின்றது. அக்குட்டியின் தலையில் நீண்ட நாடா சுழலும் தொப்பி ஒன்று உண்டு. அஃது உழவர்கள் தம் கூத்தில் தலையைச் சுழற்றி ஆடும்போது அணியும் தொப்பி. காட்டின் அரசனாகிய புலிக்கு உழவனின் தொப்பியை அணிவித்ததனால், உழைக்கும் மக்களின் மகிழ்ச்சியும் அச்சின்னத்தில் இடம்பெற்றது.

நம் நாடும் இத்தகைய சின்னங்களைப் படைத்துள்ளது. 1982-ஆம் ஆண்டு புதுதில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அவற்றின் சின்னம் 'அப்பு' என்னும் யானைக்குட்டி. பேராற்றல் உடையதாயினும் அன்பிற்குக் கட்டுப்பட்டு நடப்பது யானை. கோயிலிலும் ஊர்வலத்திலும் சிறுவர் கதையிலும் நம்மோடு பழகிய அவ்விலங்கு, நாட்டின் எம்மூலையில் உள்ளவர்க்கும் அந்நியமாகத் தோன்றவில்லை. பின்னர்த் தில்லியில் அமைந்த சிறுவர் பூங்கா ஒன்றும் அதன் பெயரையே தாங்கிப் பல்லாண்டுகள் விளங்கியது. 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நாற்பத்து நான்காவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது, வேட்டியும் சட்டையும் அணிந்து கைகூப்பி வணக்கம் கூறும் குதிரை ஒன்று சின்னமாக நின்றது. சதுரங்கப் பலகையில் குதிரை உண்டன்றோ? அக்குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் சூட்டினர். நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தோரை நம் நாடு வரவேற்றது ஓர் உறவுச் சொல்லால் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இச்சின்னங்களைத் தேர்ந்தெடுப்பதில் சிறுவர்க்கும் பங்கு உண்டு. டோக்கியோ நகரின் ஒலிம்பிக் சின்னத்தை முடிவு செய்தவர்கள் சப்பானிய நாட்டுத் தொடக்கப் பள்ளி மாணவர்களே. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வகுப்புகள் கூடி ஆராய்ந்து, வகுப்பிற்கு ஒரு வாக்காக அளித்தன. அதன் பயனாக 2018-ஆம் ஆண்டில் ஓர் உருவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. எதிர்காலம், என்றும் நிலைத்தல் ஆகிய இரு பொருள்தரும் சொற்களை இணைத்து அதற்கு 'மிராய்தோவா' என்று பெயரிட்டனர். 2024-ஆம் ஆண்டு பாரிசு நகரமோ விலங்கையும் பறவையையும் விடுத்து ஒரு சிவப்புத் தொப்பியைச் சின்னமாகக் கொண்டது. 1789-இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சியின்போது மக்கள் விடுதலையின் அடையாளமாக அணிந்த தொப்பி அது. ஆகவே ஒரு விலங்கின் வடிவில் மட்டுமன்றி, ஒரு வரலாற்றின் வடிவிலும் நாடு தன் முகத்தைக் காட்டலாம் என்பது தெளிவாகின்றது.

அதே 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடும் தன் வரலாற்றினின்று ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்தது. 'விளையாடு இந்தியா' என்னும் பொருள்பட அமைந்த 'கேலோ இந்தியா' இளையோர் விளையாட்டுப் போட்டிகள், அவ்வாண்டு சனவரித் திங்கள் 19 முதல் 31 வரை சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் நடைபெற்றன. அவை பன்னாட்டுப் போட்டிகள் அல்ல; எனினும் நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் 5,600-க்கும் மேற்பட்ட இளைஞர் வந்து இருபத்தாறு வகை விளையாட்டுகளில் போட்டியிட்ட பெருங்களம். நம் சிலம்பமும் அங்குக் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அப்போட்டிகளின் சின்னத்திற்கு 'வீரமங்கை' என்பது பெயர். அச்சின்னம் குறித்தது இராணி வேலுநாச்சியாரை. யானையும் புலியும் கரடியும் நின்ற இடத்தில், இங்கு ஒரு பெண்மணி நின்றார். அவர் பிறந்த மண் இராமநாதபுரம்.

இராமநாதபுரச் சீமை மழைவளம் குறைந்த நிலம். கண்மாயிலும் ஊரணியிலும் தேங்கும் நீரைக் கொண்டு ஆண்டு முழுவதையும் கழிக்கக் கற்றவர்கள் அந்நிலத்து மக்கள். கிழக்கே கடல், கடலுள் நீண்டு கிடக்கும் தனுக்கோடி முனை, இடையே பாம்பன் கால்வாய், அதற்கு அப்பால் இராமேசுவரத் தீவு. நாட்டின் நாற்றிசையினின்றும் இராமேசுவரத்திற்கு வரும் வழிநடைப் பயணியரைக் காத்தமையால் அச்சீமையின் மன்னர் 'சேதுபதி' என்னும் பட்டம் பூண்டனர். இராமநாதபுரக் கோட்டையுள் கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த இராமலிங்க விலாசம் என்னும் அரண்மனை இன்றும் உள்ளது. அதன் சுவர்களில் போர்க் காட்சிகளையும் அரசவைக் காட்சிகளையும் வண்ண ஓவியங்களாகக் காணலாம்.

இத்தகைய சேது நாட்டில், செல்லமுத்து விசயரகுநாத சேதுபதியின் மகளாக 1730-ஆம் ஆண்டில் பிறந்தவர் வேலுநாச்சியார். ஆண்மகவு இல்லாத அரசர் தம் மகளுக்கு அரசிளங்குமரர் பெறும் பயிற்சிகள் அனைத்தையும் அளித்தார். வாளும் வேலும் சிலம்பமும் வில்லும் குதிரையேற்றமும் அவர் கற்றார். தமிழோடு பிற மொழிகள் பலவும் பயின்றார். இக்காலத்து விளையாட்டு வீரர் இளமையிலேயே பயிற்சியைத் தொடங்குவதுபோல், அவரும் தேவை நேருவதற்கு முன்பே தம் உடலையும் அறிவையும் ஆயத்தம் செய்துகொண்டார். தேவை பின்னால் வந்தது. அப்போது கற்கத் தொடங்கியிருப்பின் பயன் விளைந்திராது.

1746-ஆம் ஆண்டில் அவர் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரை மணந்தார். சிவகங்கைச் சீமை என்பது முன்னர்ச் சேதுநாட்டின் ஒரு பகுதியாக இருந்து தனி அரசாகப் பிரிந்தது. ஆண்டுகள் பல அமைதியாகக் கழிந்தன. 1772-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கும்பினியாரின் படையும் சேர்ந்து தென்சீமையின்மேல் வந்தன. இராமநாதபுரக் கோட்டை வீழ்ந்தது. இளம் வயதினரான முத்துராமலிங்க சேதுபதி திருச்சிராப்பள்ளியில் சிறைவைக்கப்பட்டார். அடுத்து அப்படைகள் காளையார்கோயிலைத் தாக்கின. சூன் திங்களில் நடந்த அப்போரில் முத்துவடுகநாதர் உயிர் துறந்தார். பிறந்த நாடும் புகுந்த நாடும் ஒரே திங்களில் பகைவர் கைப்பட்டன. கணவரையும் நாட்டையும் ஒருசேர இழந்த வேலுநாச்சியாருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு.

அவர் தம் மகள் வெள்ளச்சியோடு தப்பிச் சென்று திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிப் பாளையத்தில் தங்கினார். அப்பாளையக்காரராகிய கோபால நாயக்கர் அவருக்குப் புகலிடம் அளித்தார். முதிய அமைச்சர் தாண்டவராய பிள்ளையும், மருது சகோதரரும் அவரோடு துணை நின்றனர். தாண்டவராய பிள்ளை மைசூரை ஆண்ட ஐதர் அலிக்குப் படையுதவி வேண்டி ஓலை விடுத்தார். ஆயின் அம்முதியவர் நாடு மீள்வதைக் காணும் பேறு பெறாமலே மறைந்தார். வேலுநாச்சியார் ஐதர் அலியை நேரில் கண்டு உருது மொழியில் உரையாடித் தம் கருத்தை விளக்கினார் என்பர். இளமையில் கற்ற மொழி, படைக்கலம் உதவாத இடத்தில் அவருக்கு உதவிற்று.

எட்டாண்டுகள் உருண்டன. படை திரட்டுவதும், பயிற்சி அளிப்பதும், சிதறிய மக்களை ஒன்று சேர்ப்பதுமாக அவ்வாண்டுகள் கழிந்தன. இறுதியில் 1780-ஆம் ஆண்டு, மருது சகோதரர் முன்செல்ல, ஐதர் அலியின் படையுதவியோடு வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டார். பாரிசு மக்கள் விடுதலையின் அடையாளமாகச் சிவப்புத் தொப்பி அணிந்து எழுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, தென்தமிழ் நாட்டின் வறண்ட சீமையில் ஒரு பெண்மணி இழந்த நாட்டை மீட்டு ஆட்சியில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. 1796-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2008-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இவ்வரலாற்றில் வேலுநாச்சியார் ஒருவரே வீரர் அல்லர். உடையாள் என்னும் எளிய பெண்ணைப் பற்றி மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். அரசியார் சென்ற வழியைக் காட்டுமாறு பகைவர் வற்புறுத்தியபோதும் அவள் வாய் திறவாமல் உயிரை ஈந்தாள் என்பது அச்செய்தி. அவள் பெயராலேயே அரசியார் ஒரு பெண்கள் படையை அமைத்தார் என்றும், அப்படையைச் சேர்ந்த குயிலி என்பவள் தன் உடலில் தீ மூட்டிக்கொண்டு பகைவரின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாள் என்றும் சிவகங்கைச் சீமை மக்கள் போற்றுகின்றனர். அரண்மனையில் பிறந்தவர்க்கும் குடிசையில் பிறந்தவர்க்கும் வீரம் பொதுவுடைமை என்பதை இச்செய்திகள் காட்டுகின்றன.

இப்போது 'மாஸ்காட்' என்னும் சொல்லின் பொருளை மீண்டும் நோக்குவோம். நற்பேற்றைக் கொணர்வது என்றல்லவா அதன் பொருள்? வேலுநாச்சியாரின் வாழ்வில் நற்பேறு எங்கே உள்ளது? கணவரை இழந்தார்; நாட்டை இழந்தார்; நம்பிய அமைச்சரை இழந்தார்; உதவி கிடைக்க ஆண்டுகள் பல காத்திருந்தார். அவர் பெற்ற வெற்றி தானாக வந்து வாய்த்த பேறு அன்று. பயிற்சியும் பொறுமையும் நல்லோர் துணையும் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது. ஆதலின், அவர் உருவைத் தாங்கிய சின்னம் களத்தில் நிற்கும் இளைஞனை நோக்கி, 'உனக்கு நற்பேறு வாய்க்கும்' என்று கூறுவதில்லை. 'நீ ஆயத்தமாக இருக்கின்றாயா?' என்று வினவுகின்றது. ஏனைய சின்னங்களிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே.

விளையாட்டு வீரர் இச்சின்னத்தினின்று கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, தோல்வியை முடிவாகக் கொள்ளாமை. 1772-இல் ஏற்பட்ட தோல்வியோடு வரலாறு முடிந்திருப்பின் இன்று அவர் பெயரை யார் அறிவார்? இரண்டாவது, காத்திருக்கும் காலத்தை வீணாக்காமை. எட்டாண்டுகளும் அவர் ஏங்கிக் கிடந்திருப்பின் மீட்சி இல்லை. மூன்றாவது, துணைவரை மதித்தல். சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்ட ஐதர் அலியும், வேறு பாளையத்தைச் சேர்ந்த கோபால நாயக்கரும் அவருக்கு உதவினர். ஒருவர் பெறும் வெற்றியில் பலர் உழைப்பு உண்டு என்பதை அணியாக ஆடுவோர் ஒருநாளும் மறத்தலாகாது.

சிலர் இங்கு ஓர் ஐயத்தை எழுப்புவர். 'இத்துணைத் துன்பம் சுமந்த ஓர் அரசியைச் சிறுவர் விளையாடும் பொம்மை போலாக்கி, சுவரொட்டியிலும் சட்டையிலும் அச்சிடுவது அவர் பெருமைக்கு இழுக்கு அன்றோ? யானைக்குட்டியை நகைக்கச் செய்யலாம். கணவரைப் போர்க்களத்தில் இழந்தவரை நகைக்கச் செய்யலாமா?' என்பது அவர்கள் வினா. இவ்வினா புறக்கணிக்கத்தக்கது அன்று. கதை மறைந்து படம் மட்டும் எஞ்சுமாயின், அவர்கள் அஞ்சியவாறே நேரும். சின்னத்தைக் கண்டு மகிழ்ந்தவர்களுள் எத்தனை பேர், 'இவர் யார்? எங்குப் பிறந்தார்? என்ன செய்தார்?' என்று கேட்டனர் என்பதே இதற்கு விடை கூறும்.

சின்னம் என்பது ஒரு வாயில். வாயிலின் அழகைக் கண்டு அங்கேயே நின்றுவிடுவோர், உள்ளே இருப்பதை அறியார். ஆயினும் வாயிலே இல்லையெனின் உள்ளே புகுவோரும் இலராவர். வடகிழக்கு மலை நாட்டினின்றோ, பஞ்சாபினின்றோ வந்த ஓர் இளம் வீராங்கனை, அதுவரை வேலுநாச்சியாரின் பெயரைக் கேட்டிருக்க மாட்டாள். தான் ஓடிய களத்தின் சுவரில் அவ்வுருவைக் கண்டு, அருகிருந்த தமிழ் மாணவியிடம் 'இவர் யார்?' என்று அவள் வினவினாள் என்று கொள்வோம். அதற்குச் சரியான விடை கூறும் அறிவு அத்தமிழ் மாணவிக்கு இருத்தல் வேண்டும். சின்னத்தை அமைத்தது அரசின் கடமை. அதற்குப் பொருள் உரைப்பது நம் கடமை.

அன்றியும், அவ்வீரம் இராமநாதபுரக் கரையில் இன்றும் முற்றும் மறைந்துவிடவில்லை. பாம்பனையும் இராமேசுவரத் தீவையும் அடுத்த மீனவர் ஊர்களில் கடற்பாசி எடுத்து வாழும் மகளிர் பலர் உளர். அவர்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கிக் கடலுள் மூழ்குகின்றனர். பாறையும் சிப்பியும் கையைக் கிழிக்கும். அலை உடலைப் புரட்டும். கடலின் போக்கு நாளுக்கு நாள் மாறும். அவர்களுக்குப் பயிற்சியாளர் இல்லை, கைதட்டுவோர் இல்லை, பதக்கமும் இல்லை. தாயிடம் மகள் கற்ற தொழில் அது. நீந்துவதிலும் மூச்சை அடக்குவதிலும் அவர்கள் காட்டும் ஆற்றலை விளையாட்டுக் களத்தில் கண்டால் நாம் வியந்து போற்றுவோம். வாழ்க்கைக் களத்தில் காணும்போது கவனியாமல் கடந்து செல்கின்றோம். அம்மகளிரின் புதல்வியர் பள்ளி மைதானத்தில் ஓடவும் நீச்சற் குளத்தில் போட்டியிடவும் வாய்ப்புப் பெறும் நாளில்தான் 'வீரமங்கை' என்னும் பெயர் முழுப்பொருள் பெறும்.

2024-இல் நடந்த அப்போட்டிகளில் தமிழ்நாடு 38 தங்கமும் 21 வெள்ளியும் 39 வெண்கலமுமாக 98 பதக்கங்கள் பெற்று இரண்டாம் இடத்தை அடைந்தது. மகாராட்டிரம் முதலிடம் பெற்றது. இரண்டாம் இடம் என்பது வருந்துவதற்குரியது அன்று. அடுத்த பயிற்சிக்குத் தொடக்கம். காளையார்கோயிலில் இழந்ததைச் சிவகங்கையில் மீட்டவரின் உருவம் களத்தில் நின்றபோது பெற்ற இடம் அது என்பதை நினைத்தல் தகும்.

போட்டிகள் முடிந்தன, பந்தல்கள் பிரிக்கப்பட்டன, சுவரொட்டிகள் வெயிலில் வெளிறின. வால்டியும் மீசாவும் அப்புவும் தத்தம் காலத்தோடு ஓய்வு பெற்றன. வேலுநாச்சியாருக்கு அத்தகைய ஓய்வு இல்லை. சின்னமாவதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே அவர் வாழ்ந்து காட்டினார்; சின்னம் மறைந்த பின்னும் அவர் வாழ்வு நமக்கு முன் நிற்கும். இராமநாதபுரம் செல்லும் மாணவர்கள் இராமேசுவரத்துக் கடலைக் கண்டு திரும்புவதோடு அமையாமல், இராமலிங்க விலாசத்தின் வாயிலிலும் சிறிது நேரம் நின்று வருதல் வேண்டும். அந்நகரில் ஒரு சிறுமி சிலம்பம் சுழற்றக் கற்றாள். அக்கல்வி அவளுக்கு எப்போது பயன்படும் என்பதை அன்று ஒருவரும் அறியார். இன்று நாம் கற்பனவும் அத்தகையனவே. பயன்படும் நாள் வரும்போது ஆயத்தமாக இருத்தலே நம்மால் இயல்வது.

பயிற்சி

1. அரசர்களின் சின்னங்களுக்கும் விளையாட்டுச் சின்னங்களுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. வால்டியின் உடலில் சிவப்பும் கறுப்பும் இடம்பெறாமைக்குக் காரணம் என்ன?

3. 'இச்சின்னம் நற்பேற்றைத் தருவதாகக் கூறுவதில்லை, ஆயத்தத்தை வினவுகின்றது.' வேலுநாச்சியாரின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்குக.

4. வேலுநாச்சியாரை விளையாட்டுச் சின்னமாக்குதல் தகுமா? இரு சாராரின் கருத்துகளையும் கூறி, உம் முடிவைக் காரணத்துடன் எழுதுக.

5. உம் ஊரில் ஒரு விளையாட்டு விழா நடைபெறுவதாயின் எதனைச் சின்னமாகக் கொள்வீர்? அதற்கு என்ன பெயர் சூட்டுவீர்? ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.